வேருக்கு வெளிச்சம் காட்டலாமா?

போன இதழில் காளான் பற்றி எழுதியது இவ்வளவு வேலை வைக்கும் என்று நினைக்கவில்லை. காளானைக் குடையின் அடிப்பக்க மடிப்புகள் மேலே இருக்கும்படி திருப்பி, சமைப்பதற்கு முன் சற்று நேரம் வெயிலில் வைத்தால் அதில் வைட்டமின் டி உருவாகும் என்று சொல்லியிருந்தேன். போகிற போக்கில், கொரியாவில் டேஜான் நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் மூன்று வருடம், கொரியர்கள் மருந்தாகச் சாப்பிடும் ஜின்செங் வேரோடு மல்லுக்கட்டியவள் நான் என்று ஒரு வரியும் சேர்த்துவிட்டேன். வந்த கடிதங்களில் பாதி அந்த ஒரு வரியையே பிடித்துக்கொண்டன. சரி, இந்த மாதம் முழுக்க ஜின்செங்தான். ரசப்பொடி கேள்வி அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

எங்கள் கம்பெனி மேலாளர் கொரியக்காரர். சுசோக் பண்டிகைக்கு ஊருக்குப் போய் வந்தவர் ஆளுக்கு ஒரு சிவப்பு ஜின்செங் பெட்டி கொடுத்தார். என் நண்பர் இணையத்தில் வாங்கிய இன்னொரு பெட்டியில் 'யூவி ஒளி பாய்ச்சியது' என்று அச்சிட்டிருக்கிறார்கள். விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஒளி காட்டிய ஜின்செங்குக்கு வீரியம் அதிகமா?
– த. மு., ஸ்ரீபெரும்புதூர்

மேலாளர் கொடுத்ததையே நிம்மதியாகக் குடியுங்கள். உணவுப் பெட்டியில் 'யூவி', அதாவது புற ஊதா, என்று கண்டால் பெரும்பாலும் அது கிருமி கொல்லும் சங்கதி. பாதரச விளக்கிலிருந்து வரும் 254 நானோமீட்டர் அலைநீள ஒளி, மேற்பரப்பில் இருக்கும் பாக்டீரியாவையும் பூஞ்சை வித்தையும் அழிக்கும். நம் வீட்டுத் தண்ணீர் சுத்திகரிப்பானுக்குள் இருக்கும் அதே விளக்குதான். நல்ல காரியம், ஆனால் அதற்கும் மருந்துச் சத்துக்கும் தொடர்பில்லை.

சிவப்பு ஜின்செங்கை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தால் விஷயம் எளிது. தோல் சீவாத புதுவேரை 90 முதல் 100 டிகிரி ஆவியில் இரண்டு மூன்று மணி நேரம் அவித்து, அப்புறம் காயவைப்பார்கள். இட்லிச் சட்டிக்குள் போய் வந்த வேர். அதில் உயிருள்ள செல் ஒன்றுகூட மிச்சமிருக்காது. அதன் மேல் விளக்கைக் காட்டினால் பதில் சொல்ல உள்ளே ஆள் இல்லை. சிவப்பு ஜின்செங்கின் பெருமையெல்லாம் ஆவி செய்த வேலை. வேரின் மருந்துப்பொருள்களில் ஆர்பி1 போன்ற பெரிய மூலக்கூறுகளிலிருந்து சர்க்கரைகள் கழன்று, புதுவேரில் அநேகமாக இல்லாத ஆர்ஜி3 என்ற இன்னொரு மருந்துப்பொருள் உருவாகிறது. அந்தச் சிவப்பு நிறம்கூட நாம் வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கும்போது நடக்கிற அதே வேதிவினைதான்.

உங்கள் நண்பரை நொந்துகொள்ள வேண்டாம். எல்லாம் படித்த நானே ஒரு கடையில் அப்படி ஒரு பெட்டிக்குக் காசு கொடுத்து ஏமாந்திருக்கிறேன். அட்டையில் ஊதா நிறத்தில் ஒரு விளக்குப் படம் இருந்தது, அவ்வளவுதான்.

*

மண்ணிலிருந்து பிடுங்கிவிட்ட வேர் செத்த வேர்தானே? அதற்கு அப்புறம் புற ஊதா ஒளியைக் காட்டினால் மருந்துப்பொருள் கூடும் என்று ஒரு செய்தியில் படித்தேன். செத்த பொருளில் எப்படிப் புதிதாக ஒன்று கூடும்? காளானில் நடப்பதும் இதுவும் ஒன்றுதானா?
– ஒரு வாசகி, ஈரோடு

வந்ததிலேயே நல்ல கேள்வி இது. இதே இடத்தில் நான் தடுக்கி விழுந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பிடுங்கிய வேர் செத்துப்போவதில்லை. உங்கள் அடுப்படியே சாட்சி. கூடையில் மறந்துபோன சேப்பங்கிழங்கு முளைவிடுகிறது. வெங்காயம் தாள் நீட்டுகிறது. உருளைக்கிழங்கை வெளிச்சத்தில் போட்டுவைத்தால் தோல் பச்சையாகிறதே, அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அந்தப் பச்சை வெறும் பச்சையம், அதனால் கெடுதல் இல்லை. ஆனால் அதே வெளிச்சத்தில் கிழங்கு சொலனின் என்ற கசப்பு நஞ்சையும் தோலடியில் சேர்த்துக்கொள்கிறது. தோண்டி எடுத்துப் பல வாரம் கழித்து, லாரியேறி, மண்டி தாண்டி, உங்கள் வீட்டுக் கூடைக்கு வந்த பிறகும் புதிதாக ஒரு பொருளைத் தயாரிக்கிறது. அதைச் செய்யச் சொன்னது வெளிச்சம், செய்தது கிழங்கு.

புது ஜின்செங்கும் அப்படித்தான். டேஜானிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் கும்சான் வந்துவிடும். கொரிய ஜின்செங் வியாபாரத்தின் தலைமைச் சந்தை அங்கேதான். 2, 7 என்று முடியும் தேதிகளில் சந்தை கூடும். வழியெல்லாம் மலைச்சரிவில் சாய்வாகக் கறுப்பு நிழல்வலைப் பந்தல்கள். முதல் தடவை பார்த்தபோது கோழிப்பண்ணை என்று நினைத்தேன். ஜின்செங் காட்டு மரங்களின் நிழலில் வளர்ந்து பழகிய செடி. நேர் வெயில் பட்டால் இலை கருகிவிடும். அதனால் நான்கு வருடம், சிவப்பு ஜின்செங்குக்கென்றால் ஆறு வருடம், பந்தலுக்கடியிலேயே பொத்திப் பொத்தி வளர்ப்பார்கள். வாழ்நாள் முழுக்க வெயிலுக்குக் காட்டாமல் வளர்த்த வேரை, பிடுங்கின கையோடு விளக்கடியில் வைக்கலாமா என்று கேட்பதுதான் எங்கள் ஆய்வு. கும்சான் பாட்டிகளிடம் சொன்னபோது சிரித்தார்கள்.

சந்தையில் புதுவேரை முள்ளங்கி மாதிரி மண்ணோடு குவித்து வைத்திருப்பார்கள். அதை விற்கும் கணக்குக்குப் பெயர் 'ச்சே'. ஒரு ச்சே என்றால் 750 கிராம். நாம் அலுத்துக்கொள்ளும் சொல் அங்கே அளவை. கையில் எடுத்தால் கேரட் மாதிரி விறைப்பாக இருக்கும். எடையில் முக்கால் பங்கு தண்ணீர். தலைப்பக்கம் தண்டு உதிர்ந்த தழும்புகள், வருடத்துக்கு ஒன்று. தூரத்துக்கு அனுப்புவதென்றால் ஈரப்பாசியில் சுற்றிக் கொடுப்பார்கள். வேர் மூச்சுவிடுகிறது என்பதை அவர்கள் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

நான் படித்துவிட்டுப் போனவள். அதனால் முதல் மாதமே ஒரு தப்புச் செய்தேன். புதுவேர் அழுகும், காய்ந்த வேர் கையாளச் சுலபம் என்று, கடையில் விற்கும் காய்ந்த வெள்ளை ஜின்செங்கை வில்லை வில்லையாக நறுக்கித் தட்டில் பரப்பி, ஒரு வாரம் தினமும் விளக்கடியில் வைத்து எடுத்தேன். விளக்குப் பட்டதும் படாததும் அச்சு அசலாக ஒரே அளவு. திரும்பவும் செய்தேன், அதே முடிவு. வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு பேராசிரியரிடம் போனேன். அவர் தாளைப் பார்க்கவேயில்லை. தட்டிலிருந்து ஒரு வில்லையை எடுத்தார், பட்டென்று ஒடித்தார், "டாக்டர், இது உயிரோடு இருக்கிறதா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

இப்போது உங்கள் காளானுக்கு வருகிறேன். போன மாதம் நான் எழுதியதைப் படித்தவர்கள் இரண்டையும் ஒன்றாக எண்ணியதில் தப்பில்லை. நான்தான் பிரித்துச் சொல்லவில்லை. காளானில் எர்கோஸ்டிரால் என்ற பொருள் ஏற்கனவே தயாராக இருக்கிறது. புற ஊதாக் கதிர் நேரே அதன் மேல் விழுந்து, அதன் வளையம் ஒன்றை உடைத்து, வைட்டமின் டி2 ஆகும் வழியில் தள்ளிவிடுகிறது. அதற்குக் காளான் உயிரோடு இருக்க வேண்டிய அவசியமில்லை. காய்ந்த காளான் பொடியிலும் நடக்கும். ஜின்செங்கில் கதை வேறு. அதன் மருந்துப்பொருளான ஜின்செனோசைடுகளை அந்த ஒளி தொடுவதே இல்லை என்று சொல்லலாம். அவை ஒளியை உறிஞ்சுவது 203 நானோமீட்டர் பக்கம், அதுவும் லேசாக. நாங்கள் வைத்த விளக்குகளின் ஒளி அதைத் தாண்டி 254-இலும், 300-ஐ ஒட்டியும் இருந்தது. அந்த ஒளி தொடுவது செல்லை. வேர் 'நம்மை யாரோ தாக்குகிறார்கள்' என்று பதறுகிறது. அந்தப் பதற்றத்தில் தன் தற்காப்புப் பொருளைக் கூடுதலாகச் செய்கிறது. அந்தத் தற்காப்புப் பொருளுக்குத்தான் நாம் மருந்து என்று பெயர் வைத்திருக்கிறோம்.

தற்காப்பா என்று கேட்பீர்கள். ஜின்செனோசைடு சபோனின் வகை. பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கசக்கினால் நுரைக்கிறதே, அதே குலம். ஜின்செங் பொடியைத் தண்ணீரில் போட்டுக் குலுக்கினாலும் நுரை நிற்கும். பூஞ்சைக்கும் பூச்சிக்கும் இந்தக் கசப்பு நுரை ஆகாது. ஆறு வருடம் ஈரமண்ணுக்குள் கிடக்கும் வேருக்கு அது தேவைதானே.

அலாரம் அடிக்கும் விதமும் ஓரளவு தெரிந்ததுதான். புற ஊதாவில் நடுத்தர வகையான யூவி-பி கதிரை உணர்வதற்கென்றே செடிகளில் யூவிஆர்8 என்ற புரதம் இருக்கிறது. அதுதான் கதிரைப் பிடிக்கும் ஏற்பி என்பது 2011-இல் உறுதியானது. அதைவிடக் கடுமையான யூவி-சி அடித்தால் செல் நேரடியாகவே காயப்படும். காயம் என்றதும் செடிக்குள் ஜாஸ்மோனேட் என்ற தூதுப்பொருள் ஓடும். பெயரைப் பார்த்தீர்களா? மீதைல் ஜாஸ்மோனேட்டை முதலில் பிரித்தெடுத்தது ஜாதிமல்லி எண்ணெயிலிருந்து, 1962-இல். தோவாளைச் சந்தையில் நாம் மூக்குக்கு வாங்குவது, செடிகளுக்கு அபாயச் சங்கு. கொரியாவில் ஜின்செங் வேரை மண்ணே இல்லாமல் பெரிய தொட்டிகளில் வளர்க்கிறார்கள். அந்தத் தொட்டியில் மீதைல் ஜாஸ்மோனேட்டைத் துளி சேர்த்தால் ஜின்செனோசைடு நன்றாகவே ஏறுகிறது. இது பலரும் திரும்பத் திரும்பச் செய்து பார்த்த விஷயம். ஒளி செய்வதும் ஏறக்குறைய அந்தச் சங்கை ஊதும் வேலைதான்.

இன்னொன்று, இது உடனே நடக்கிற காரியமில்லை. திராட்சையில் இதை அழகாகக் காட்டியிருக்கிறார்கள். ஸ்பெயினில் முர்சியா நகரத்து ஆய்வாளர்கள், பறித்த திராட்சைக் குலைக்குச் சற்று நேரம் யூவி-சி காட்டிவிட்டு எடுத்து வைத்தார்கள். சில நாள் கழித்துத்தான் தோலில் ரெஸ்வெரட்ரால் என்ற தற்காப்புப் பொருள் பல மடங்காக உச்சத்துக்குப் போனது. விளக்கு எரிவது நிமிடக் கணக்கில், பழம் வேலை செய்வது நாள் கணக்கில். மாவு ஆட்டுவதும் புளிக்கவைப்பதும் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒளி காட்டிய கையோடு வேரை அவித்தாலோ காயவைத்தாலோ புளிக்காத மாவில் தோசை ஊற்றின கதைதான்.

*

மேடம், சுற்றி வளைக்காமல் எண் சொல்லுங்கள். எத்தனை சதவீதம் கூடும்?
– வேளாண் மாணவர், கோவை

தம்பி, எண் கேட்பது நல்ல பழக்கம். எண்ணை நம்புவதற்கு முன் என்னென்ன கேட்க வேண்டும் என்று சொல்கிறேன். நீங்களும் ஒருநாள் இந்தச் சோதனையைச் செய்வீர்கள்.

முதலில், எதோடு ஒப்பிட்டார்கள்? புதுவேர் சும்மா இருட்டில் கிடந்தாலும் மூச்சுவிட்டுத் தன் மாவுச்சத்தை எரிக்கும். உலர் எடை குறையும். மருந்துப்பொருள் ஒரு துளிகூடக் கூடாவிட்டாலும், கிராமுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால் கூடியது மாதிரி தெரியும். வீட்டில் ஆள் குறைந்தால் தலைக்கு வரும் தோசை எண்ணிக்கை கூடுகிற மாதிரி. அதனால் விளக்கு படாத வேரும் அதே நாள், அதே குளிர், அதே ஈரத்தில் இருந்திருக்க வேண்டும். அறுவடையன்று அளந்த எண்ணோடு ஒப்பிட்டிருந்தால் தாளை மூடிவிடுங்கள்.

அடுத்து, வேருக்கு வேர் வித்தியாசம். ஒரே பாத்தியில் அடுத்தடுத்து நின்ற இரண்டு செடிகள்கூட ஒரே அளவு தராது. இதுதான் என் மூன்று வருடத்தைத் தின்றது. முதலில் பத்துப் பத்து வேராகப் பிரித்துச் செய்தேன். விளக்கால் வந்த வித்தியாசமா, வேரோடு வந்த வித்தியாசமா என்று பிரிக்க முடியவில்லை. அப்புறம் புத்திசாலித்தனமாக ஒரே வேரை நெடுக்காகப் பிளந்து பாதியை விளக்குக்கும் பாதியை இருட்டுக்கும் அனுப்பினேன். பிளந்ததே வேருக்கு ஒரு காயம் அல்லவா? இரண்டு பாதியிலும் அலாரம் அடித்துவிட்டது. கத்தி செய்ததையும் விளக்கு செய்ததையும் பிரிக்க வழியில்லை. திரும்பவும் முழு வேருக்கே வந்து, எண்ணிக்கையைக் கூட்ட வேண்டியதாயிற்று. மாதம் இரண்டு தடவை கும்சான் பஸ். ஒரு கட்டத்தில் ஓட்டுநர் என்னைப் பார்த்ததும் 'இன்சாம், இன்சாம்' என்று சிரிக்க ஆரம்பித்தார். இன்சாம் என்பதுதான் ஜின்செங்குக்கு அவர்கள் சொல்லும் பெயர்.

மூன்றாவது, எந்தப் பகுதியை அரைத்தார்கள்? புற ஊதா ஒளி வேருக்குள் ஒரு மில்லிமீட்டர்கூடப் போகாது. வெளி அடுக்குச் செல்களோடு சரி. நல்லவேளையாக, ஜின்செனோசைடு அதிகம் இருப்பதும் அங்கேதான், தோலிலும் தோலை ஒட்டிய பகுதியிலும். வேரின் நடுப்பகுதியில் குறைவு. மெல்லிய பக்கவேர்களில் எடைக்கு எடை பார்த்தால் தாய்வேரைவிட நிறையவே உண்டு. தோலை மட்டும் சுரண்டி அளந்தால் ஓர் எண் வரும், முழு வேரை அரைத்தால் வேறு எண் வரும். இரண்டும் உண்மைதான். விளம்பரத்துக்கு எது போகும் என்று சொல்லத் தேவையில்லை.

நான்காவது, எந்த ஜின்செனோசைடு? நூற்றுக்கு மேல் இருக்கின்றன. ஆர்பி1 ஏறி ஆர்ஜி1 இறங்கியிருந்தால் 'கூடியது' என்பதா, 'குறைந்தது' என்பதா? தனித்தனி எண்களைக் கேளுங்கள்.

உருப்படியாகப் படிக்க ஒன்று வேண்டுமென்றால், 2012-இல் கொரிய ஆய்வாளர்கள் வெளியிட்டதைத் தேடுங்கள். பச்சை ஜின்செங் வேருக்கு 450, 470 நானோமீட்டர் எல்இடி ஒளி காட்டியபோது ஜின்செனோசைடு அளவு கூடியதாகச் சொல்கிறார்கள். கவனியுங்கள், அது புற ஊதா இல்லை, நீலம். கண்ணுக்குத் தெரிகிற, தோலைப் பொசுக்காத ஒளி. என்னைக் கேட்டால் இந்தத் துறையில் பிழைப்பு நீலத்தில்தான். புற ஊதாவில் மருந்துக்கும் நஞ்சுக்கும் நடுவே இடைவெளி குறைவு. சதுர மீட்டருக்குச் சில கிலோஜூல் என்ற அளவில் வேர் பதறும். அதற்கு மேல் போனால் தோல் செல்கள் செத்து, பழுப்பாகி, பதறுவதற்கே ஆள் இல்லாமல் போகும். அந்த இடத்தில் பூஞ்சை வந்து உட்காரும்.

*

தண்ணீர் சுத்திகரிப்பான் பழுதானபோது அதிலிருந்த யூவி குழலைக் கழற்றி வைத்திருக்கிறேன். அதை வைத்து வீட்டிலேயே...
– ரா. கு., திருநெல்வேலி

வேண்டாம். கேள்வியை முழுதாகப் படிக்கவே இல்லை. வேண்டாம்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் கூடத்தில் விளக்குப் பெட்டியின் கதவைத் திறந்தால் தானாக அணைய ஒரு சுவிட்சு உண்டு. அது கெட்டுப்போய் யாரும் கவனிக்கவில்லை. நான் குனிந்து வேர்களைத் திருப்பிப் போட்டேன், ஐந்தாறு நிமிடம் இருக்கும். வலி இல்லை, சூடு இல்லை, அந்த ஒளி கண்ணுக்குத் தெரியவும் தெரியாது. லேசாக ஒரு நீலச் சாயல், அதுவும் குழலின் மற்ற ஒளி. ராத்திரி பதினொரு மணிக்கு ஆரம்பித்தது. இரண்டு கண்ணிலும் ஆற்று மணலை அள்ளிப் போட்டுத் தேய்த்த மாதிரி. விளக்கைப் பார்க்க முடியவில்லை, கண்ணை மூடவும் முடியவில்லை. அறைத்தோழி ஈரத்துணியைக் கட்டிவிட்டு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். வெல்டிங் பட்டறையில் கண்ணாடி போடாதவர்களுக்கு வருவதும் இதுதான். இரண்டு நாளில் சரியாகிவிட்டது. அதன் பிறகு கதவைத் தொடுமுன் மெயின் சுவிட்சை அணைப்பேன். இன்றைக்கும் வீட்டு ஃபிரிட்ஜைத் திறக்கும்போது ஒரு கணம் கை தயங்கும்.

குழலை மின்கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள். உள்ளே பாதரசம் இருக்கிறது, உடைக்காமல் கொடுங்கள்.

*

கொரியர்கள் காலங்காலமாக ஜின்செங்கை வெயிலில்தானே காயவைத்தார்கள்? புற ஊதாவின் பலன் முன்னோர்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

எடுத்துக்கொள்ள ஆசைதான் ஐயா. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் பொருந்தவில்லை. வெயிலில் காய்ந்தது வெள்ளை ஜின்செங். அதை முதலில் மூங்கில் கத்தியால் தோல் சீவிவிட்டுத்தான் வெயிலில் போட்டார்கள். சத்து செறிந்த தோலும் பக்கவேரும் அங்கேயே போயிற்று. வெயில் கொண்டுவரும் புற ஊதாவில் பெரும்பகுதி மென்மையான யூவி-ஏ. யூவி-பி கொஞ்சம். யூவி-சி ஓசோன் படலத்தைத் தாண்டித் தரைக்கு வருவதே இல்லை. அறுவடை செப்டம்பர், அக்டோபரில். கொரியாவில் அப்போது வெயிலின் உக்கிரம் தணிந்திருக்கும். வேரும் வெயிலில் நீர் இழந்து சுருங்கிக்கொண்டே இருக்கிறது, அலாரம் கேட்டு வேலை செய்ய அதற்கு அவகாசம் குறைவு.

முன்னோர்களின் கெட்டிக்காரத்தனம் வேறு இடத்தில் இருந்தது. முக்கால் பங்கு தண்ணீராக இருக்கும் பொருளை, பூஞ்சை பிடிக்காமல் மாதக்கணக்கில் மாட்டுவண்டியிலும் படகிலும் அனுப்ப வழி கண்டார்கள். கும்சான் பக்கத்தில் வேரின் வாலை வளைத்துச் சுருட்டி, உடம்போடு ஒட்டிக் காயவைப்பார்கள். குழந்தை காலை மடக்கிக்கொண்டு தூங்குவது மாதிரி இருக்கும். வால் ஒடியாது, இடமும் அடைக்காது. அந்த வேலைத்திறனைப் பார்த்து நான் வாயடைத்து நின்றிருக்கிறேன். அதற்கு மேல் நாம் புற ஊதாவை வேறு ஒட்டவைக்க வேண்டாமே.

*

ஈரோட்டுக்காரன் கேட்கிறேன். மஞ்சளுக்கு இது ஒத்துவருமா?
– மஞ்சள் மண்டி, ஈரோடு

வராது. நீங்கள் மஞ்சளை வேகவைத்துத்தானே காயப்போடுகிறீர்கள், அதோடு உயிர் போயிற்று. தவிர, மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமினுக்கு ஒளியே எதிரி. மஞ்சள் கறை பட்ட வேட்டியைத் துவைத்து வெயிலில் போட்டால் கறை மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஜின்செனோசைடு ஒளியைக் கண்டுகொள்வதில்லை, குர்குமின் ஒளியை விழுங்கி உடைந்துபோகிறது. பொடியை இருட்டு டப்பாவில் வையுங்கள்.

*

அமுக்கராவை 'இந்திய ஜின்செங்' என்கிறார்களே?
– சி. ப., மதுரை

வியாபாரப் பெயர். அமுக்கரா கத்தரிக்காய்க் குடும்பம். அதன் சரக்கு வித்தனோலைடு, வேறு சாதிப் பொருள். ஜின்செங்குக்கு நம் பக்கத்துச் சொந்தம் வேண்டுமென்றால் வல்லாரையைச் சொல்லலாம். கொத்தமல்லி, கேரட்டோடு சேர்ந்து ஒரே பெரிய வரிசையில் வருகிற தூரத்து உறவு. வல்லாரையிலும் சபோனின்தான் முக்கியச் சரக்கு. யாரும் அதை 'இந்திய ஜின்செங்' என்று விற்கவில்லை, கட்டு பத்து ரூபாய்க்குக் கிடைக்கிற கீரை என்பதால் இருக்கலாம்.

*

அப்பாவுக்குச் சர்க்கரையும் உண்டு, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையும் உண்டு. கொரியாவிலிருந்து தம்பி ஜின்செங் கொண்டுவந்திருக்கிறான். கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, மட்டக்களப்பு

மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள், அம்மா. ஜின்செங் சர்க்கரையை இறக்கக்கூடும், மாத்திரையோடு சேர்ந்தால் கூடுதலாக இறங்கலாம். வார்ஃபரின் வகை மாத்திரையின் வேலையையும் அது குறைக்கக்கூடும். அமெரிக்க ஜின்செங்கை வைத்து மனிதர்களிடம் செய்த சோதனையிலேயே அதைப் பார்த்திருக்கிறார்கள். ஒளி பட்டதா படாததா என்பதெல்லாம் அப்பாவுக்கு முக்கியமில்லை. தம்பியிடம் சொல்லிப் பெட்டியின் படத்தை மருத்துவருக்குக் காட்டுங்கள்.

*

மூன்று வருடம் அங்கே இருந்தீர்களே, நீங்கள் ஜின்செங் சாப்பிட்டீர்களா? எப்படி இருக்கும்?
– மலர், புதுச்சேரி

கசக்கும். மண்வாசனையோடு ஒரு கசப்பு, கடைசியில் நாக்கில் லேசான இனிப்பு. கும்சான் தெருவில் முழு வேரை மாவில் தோய்த்து பஜ்ஜி மாதிரி பொரித்து, பாகில் தொட்டுத் தருவார்கள். குளிர்காலத்தில் கையில் அந்தச் சூட்டோடு நின்று சாப்பிட்டால் அருமை. ஆய்வுக்கு வாங்கிய வேரை நான் ஒருநாளும் தின்றதில்லை, பஜ்ஜிக்குத் தனிக் காசு.

வழக்கமாக நான் வாங்கும் பாட்டி ஒருவர் இருந்தார். பெயர் கேட்டதில்லை, 'ஹல்மொனி' என்றுதான் கூப்பிடுவேன், பாட்டி என்று அர்த்தம். தராசு முள் நின்ற பிறகு, முறத்திலிருந்து மெல்லிய பக்கவேர்களை ஒரு கைப்பிடி அள்ளிப் பைக்குள் போடுவார். நம் ஊர்க் கொசுறு. அங்கே அதற்கு 'தொம்' என்று பெயர். முதல் சில தடவை அந்தச் சல்லிவேரைச் சமையலறைக் குப்பையில் போட்டேன். எடைக்கு எடை அதில்தான் சரக்கு அதிகம் என்று என் இயந்திரமே சொன்ன பிறகு, கொசுறைத் தனி உறையில் போட்டுத் தேதி எழுத ஆரம்பித்தேன். பாட்டியிடம் அதைச் சொன்னபோது, "அதனால்தான் சூப்புக்கு அதைப் போடுகிறோம்" என்றார்.